சிரிப்புக்குக் காசு கொடுப்பது யார்?

பண்ருட்டியை ஒட்டி, கெடிலக் கரையில் இருக்கிற திருவதிகையை அப்பரின் சூலை நோய் தீர்ந்த ஊராகத்தான் பலருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோயிலின் மூலக்கதை ஒரு சிரிப்பைப் பற்றியது. முப்புரத்து அசுரர்களை அழிக்கப் பூமி தேரானது, சூரியனும் சந்திரனும் சக்கரங்களாயின, மேரு வில்லானது, திருமால் அம்பானார். இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் தன் பங்கு இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்று தேவர்கள் ஒவ்வொருவரும் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்களாம். சிவன் அம்பைத் தொடவே இல்லை. சிரித்தார், மூன்று புரமும் எரிந்தது. மேடையில் தனியாக நின்று, எதிரே இருப்பவர்களின் பவிசை வெறும் பேச்சால் சாம்பலாக்குகிற தொழிலுக்குத் தலபுராணம் எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. அந்தத் தொழிலுக்கு இன்றைய பெயர் ஸ்டாண்ட்-அப் காமெடி. அதைச் செய்கிறவர்கள் சுற்றுப்பயணம் அறிவிக்கும்போது பட்டியல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, பெங்களூரு, அப்புறம் நேராக சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்ற பெயர்களை அந்தப் பட்டியலில் பார்ப்பது அபூர்வம்.

ஏன் என்று கேட்டால் மூன்று பதில் தயாராக இருக்கும். சின்ன ஊர்க்காரர்களுக்கு இந்த வகை நகைச்சுவை புரியாது, பாதி ஆங்கிலம் கலந்த பேச்சு அங்கே எடுபடாது, ஏ.சி. போட்ட சின்ன அரங்கம் கிடையாது. இந்த மூன்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. விடிய விடிய உட்கார்ந்து ஒற்றை ஆளின் பேச்சுக்குச் சிரித்துப் பழகிய ஊர்கள் தமிழ்நாட்டில் இந்தச் சின்ன ஊர்கள்தான். கெட்டுப்போனது ரசனை அல்ல. காசு வருகிற வழி மாறிவிட்டது. ஊர் ஊராகப் போய்ச் சிரிக்க வைக்கிறவன் ஆயுசு முழுக்க அதிலேயே பிழைக்க வேண்டுமானால் ஆளுக்கொரு டிக்கெட் என்கிற ஏற்பாடு மட்டும் அவனைத் தாங்காது. சிரிக்கிறவன் தனித்தனியாகப் பணம் கட்டாமல், பொதுவில் யாரோ பணம் கட்டிய இடங்களில்தான் அந்தத் தொழில் நம்மிடம் தலைமுறைகளைக் கடந்து நின்றிருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

பழைய தென்னாற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் இல்லை. பாரதம் நடக்கிற ஊரில் தெருக்கூத்தும் நடக்கும். கூத்தில் முதலில் களரிக்கு வருகிறவன் அரசன் அல்ல, கட்டியக்காரன். கூம்புத் தொப்பி, முகத்தில் கோணல்மாணலாக வண்ணம், கையில் ஒரு குச்சி. இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கும் திரைக்குப் பின்னால் துரியோதனன் நின்று பாடிக்கொண்டிருக்க, திரைக்கு முன்னால் நிற்கிற இவன் ‘ஐயா, தாங்கள் யார்?’ என்று அவனையே விசாரிப்பான். பதில் வருவதற்குள் சனத்தின் பக்கம் திரும்பி, அந்த ஊர் ரோட்டைப் பற்றி, வராத டவுன் பஸ்ஸைப் பற்றி, முன்வரிசையில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை விடுவான். அரசனின் சேவகன் என்ற வேஷத்துக்குள் இருந்துகொண்டு அரசனையே கிண்டல் செய்வது அவன் உத்தியோகம். பாரதக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். அன்றைக்குப் புதிதாக நடப்பது கட்டியக்காரனின் வாயில் மட்டுமே. மறுநாள் இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு ஊர், வேறு ரோடு, வேறு பெரியவர். இன்று இளைஞர்கள் ‘க்ரௌட் வொர்க்’ என்று சொல்லி இன்ஸ்டாகிராமில் துண்டு துண்டாகப் போடுகிற வித்தை இதுதான். கட்டியக்காரனுக்கு அது பிழைப்பின் அடிப்படையாகவே இருந்தது. ஒவ்வோர் ஊரின் சரக்கும் அந்த ஊரிலேயே கிடைத்துவிடுவதால் அவனிடம் ஜோக் தீர்ந்துபோக வழியே இல்லை.

அவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கூத்து ஜமாவின் வாத்தியாருக்கு ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துத் தாம்பூலம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பணம் தலைக்கட்டு வரியாக வீட்டுக்கு வீடு வசூலானது. பார்க்க வருகிறவனிடம் வாசலில் யாரும் கை நீட்டுவதில்லை. கைக்குழந்தையோடு வருகிறவளும், நடுச்சாமத்தில் எழுந்து வருகிற கிழவனும், பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்தவனும் ஒரே பாயில் உட்கார்ந்து சிரிப்பார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்ற பயம் கலைஞனுக்குக் கிடையாது. மழை வந்தால் நஷ்டம் ஊருக்கு. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஒரு ஜமாவுக்கு வரிசையாகத் தாம்பூலம் கிடைத்துவிட்டால் அது ஒரு சுற்றுப்பயணம்தான்.

தெற்கே மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் இன்னும் துலக்கமான சான்று. அதில் நாடகக் கம்பெனி என்று ஒன்று கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்பட்டு அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள், ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் முதலில் வந்து மைக் பிடிப்பவர் பபூன். வள்ளி திருமணம் தொடங்குவதற்கு முன்னால் அவர் தன்னந்தனியாக நின்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தாக வேண்டும். உடன் யாரும் இல்லை, எழுதிவைத்த வசனம் இல்லை, நேற்றைய கூட்டம் இன்றில்லை. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரையில் பல காலம் தங்கி இந்தக் கலைஞர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 2005-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் பபூனின் மேடைப் பேச்சுக்குத் தனியாகவே இடம் கொடுத்திருக்கிறார். ஸ்டாண்ட்-அப் மேல்நாட்டிலிருந்து இறங்கிய சரக்கு என்று நினைப்பவர்கள் பபூனைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அவருக்கும் ஊர்த் திருவிழாக் கமிட்டிதான் சம்பளம் தருகிறது.

‘டிக்கெட் போட்டே ஊர் ஊராகப் போனவர்கள் இல்லையா?’ என்று கேட்கலாம். இருந்தார்கள். நாகர்கோவிலில் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையனாகத் தொடங்கிய என்.எஸ். கிருஷ்ணன், டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் ஊர் ஊராகத் திரிந்துதான் கலைவாணர் ஆனார். எம்.ஆர். ராதா அன்றைய செய்தித்தாளை மேடையிலேயே கையில் எடுத்துக்கொண்டு அரசையும் கடவுளையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ‘ரத்தக்கண்ணீர்’ படமாக வந்த 1954-க்கு முன்னும் பின்னும் அந்த நாடகம் போகாத ஊர் குறைவு. ஆனால் அந்தக் கொட்டகையில் தரை டிக்கெட் என்று ஒன்று இருந்ததை மறந்துவிடக் கூடாது. முன்னால் சோபாவில் உட்கார்ந்த மிராசுதார் கொடுத்த காசு, தரையில் உட்கார்ந்தவனுக்குச் சில அணாவில் சிரிப்பு வாங்கிக் கொடுத்தது. இன்றைய காமெடி ஷோவில் தரை டிக்கெட் இல்லை. தொலைக்காட்சி இல்லாத அந்தக் காலத்தில் கொட்டகைக்குப் போட்டியும் இல்லை. ராதாவின் வழியை இன்று அப்படியே எடுத்துச் செய்ய முடியாது.

சென்னை சபாக்கள் வேறொரு வழி கண்டுபிடித்தன. உறுப்பினர்கள் வருஷச் சந்தா கட்டிவிடுவார்கள். மாதா மாதம் நாடகம், கச்சேரி. இதுவும் பொதுப்பணம்தான், மயிலாப்பூர், தியாகராய நகர் வாசனையோடு. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1968-இல் மேடையேறியதும், எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா வளர்ந்ததும், 1979-இல் தொடங்கிய கிரேஸி கிரியேஷன்ஸ் பிறகு ‘சாக்லேட் கிருஷ்ணா’வை ஆயிரம் தடவைக்கு மேல் போட்டதும் இந்தச் சந்தாப் பணம் போட்டுக்கொடுத்த பாதையில்தான். ஆனாலும் இந்தக் குழுக்களில் பெரும்பாலோர் பகலில் ஆபீசுக்குப் போனவர்கள். கிரேஸி மோகன் கிண்டியில் படித்த மெக்கானிக்கல் இன்ஜினீயர். வேலையில் இருந்துகொண்டே எழுதினார். பட்டிமன்றத்தைப் பாருங்கள். சாலமன் பாப்பையா அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். கு. ஞானசம்பந்தன் தியாகராசர் கல்லூரியில் பேராசிரியர். திண்டுக்கல் லியோனி பள்ளிக்கூட வாத்தியார். ராஜாவும் பாரதி பாஸ்கரும் வங்கியில். தமிழ்நாட்டு நகைச்சுவையின் மிகப் பெரிய புரவலர் யார் என்று கேட்டால், மன்னரோ ஜமீன்தாரோ அல்ல, மாதச் சம்பளம் என்றுதான் சொல்வேன். ஊர் மேடையும் பொங்கல் தொலைக்காட்சியும் கொடுத்தவை மேல்வரும்படி. இதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் இதைத் தொழில்முறை வாழ்க்கை என்று இளைஞர்களுக்கு உதாரணம் காட்டும்போது அடியில் இருந்த சம்பளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு சம்பளமே இல்லாமல் சிரிப்பை மட்டும் நம்பி வாழத் துணிந்தவர்கள் கட்டியக்காரர்களும் பபூன்களும்தான் என்பது யோசிக்க வைக்கிற செய்தி.

2005-இல் விஜய் டி.வி.யில் ‘கலக்கப் போவது யாரு?’ தொடங்கியபோது இந்த மேடைக்காரர்களுக்கு ஒரு பெரிய கதவு திறந்தது. கோவை குணா, மதுரை முத்து, ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி, சிவகார்த்திகேயன் எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள். அதற்கு முன்பே கோயில் திருவிழா, கல்லூரி விழா, கட்சிக்கூட்டத்துக்கு முந்தைய கலைநிகழ்ச்சி என்று பல பேர் மேடையில் தேய்ந்தவர்கள்தான். உடம்பெல்லாம் உலோக வண்ணம் பூசிக்கொண்டு மேடையில் இயந்திர மனிதனாக ஆடியதால்தான் சங்கர் ‘ரோபோ’ ஆனார். அந்தப் பெயரில் எத்தனை ஊர்த் திருவிழாக்களின் வெக்கை இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கலாம். தொலைக்காட்சி இவர்களுக்குப் பெயர் கொடுத்தது. பெயர் வந்தபின் திருவிழா மேடையில் கூலி கூடியது. ஒரே ஒருவர் சினிமாவில் உச்சிக்குப் போனார். மற்றவர்களில் பலருக்கு மறுபடி மேடைதான் சோறு. 2020 செப்டம்பரில் வடிவேல் பாலாஜியும், 2023 மார்ச்சில் கோவை குணாவும், 2025 செப்டம்பரில் ரோபோ சங்கரும் இறந்தபோது நாம் எழுதிய அஞ்சலிகளில் சிரிப்பைப் பற்றி நிறைய இருந்தது. அந்தத் தொழிலில் வைப்பு நிதியும் ஓய்வூதியமும் கிடையாது என்பதைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம்.

புதிய தலைமுறையின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003-இல் சென்னையில் தொடங்கிய எவம் நாடகக் குழு, பிறகு ஸ்டாண்ட்-அப் பக்கம் திரும்பி இளைஞர்களுக்கு மைக் கொடுத்தது. அரவிந்த் எஸ்.ஏ.வின் ‘மெட்ராஸி டா’ அமேசான் பிரைமில் வந்தது. மென்பொருள் வேலையை விட்டு வந்த அலெக்சாண்டர் பாபு ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’டில் பாட்டையும் பேச்சையும் கலந்து ஒரு காலட்சேபத்தையே நடத்திக்காட்டினார். பிரவீண்குமார் மத்தியதர வீட்டுப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். 2020-இல் ‘காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா’ போட்டியில் அபிஷேக் குமார் வென்றார். திறமைக்குக் குறைவில்லை என்று காட்ட இந்தப் பெயர்கள் போதும்.

இவர்களில் ஒருவர் பண்ருட்டிக்கு வருவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மண்டபத்தில் 150 நாற்காலி, டிக்கெட் 300 ரூபாய். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை என்றால் 45,000 ரூபாய். அதில் மண்டப வாடகை, மைக் செட், டிக்கெட் விற்றுக்கொடுக்கும் இணையதளத்தின் கமிஷன், விளம்பரம், முன்னால் பத்து நிமிஷம் பேச வரும் பையனின் செலவு, கார், லாட்ஜ். மிஞ்சுவதை வருஷத்தில் எத்தனை சனிக்கிழமை இருக்கிறதோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள். பாதி நாற்காலி காலியென்றால் கைக்காசு போகும். சென்னையிலேயே வாரம் இரண்டு ஷோ கிடைக்கும்போது எதற்கு வருவார்? இன்னொரு பக்கம் பார்த்தால், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இந்த ஷோ 1,200 ரூபாய். முந்திரி உடைக்கப் போகிற வீட்டில் அது நடக்கிற காரியமா? அதே பண்ருட்டி வட்டாரத்தில் 500 தலைக்கட்டு உள்ள ஒரு கிராமம் வீட்டுக்கு 200 ரூபாய் போட்டால் ஒரு லட்சம். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே கைக்கு வந்துவிடும் பணம் அது. ரசனை ஆராய்ச்சிக்குப் போவதற்கு முன்னால் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டிக்கெட் வழிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. டிக்கெட் வாங்கியவன் புதுசு கேட்பான். ஒரு மணி நேரச் சரக்கைத் தேற்ற ஒரு காமெடியன் ஓபன் மைக் மேடைகளில் மாதக்கணக்காக அடிபட வேண்டும். அதை ஒரு தடவை ஓ.டி.டி.யிலோ யூடியூபிலோ ஏற்றிவிட்டால் செத்த சரக்கு. பாட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. கேட்ட பாட்டையே மறுபடி கேட்கத்தான் கூட்டம் வரும். கேட்ட ஜோக்குக்கு யார் வருவார்கள்? அதனால்தான் எழுதிய பகுதிகளை ஒளித்து வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு அங்கங்கே பேசியதை மட்டும் ரீல்ஸாகப் போடுகிறார்கள். கட்டியக்காரனின் வைத்தியத்தைத் தெரியாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் ஊர்ச் சரக்கில் ஜோக் செய்ய ஊருக்குப் போக வேண்டுமே.

பழுப்பு நிலக்கரி ஊரான நெய்வேலிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நிலக்கரி ஊர்களின் சிரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தில் 1920-இல் ஒரு சட்டம் வந்தது. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்குப் போக வேண்டும். அந்தப் பென்னியில் சுரங்க ஊர்களில் நல மன்றங்கள் எழும்பின. தொழிலாளர்கள் சந்தா கட்டி நடத்திய கிளப்புகள் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருந்தன. இந்த மேடைகளில் வாராவாரம் ஏறி இறங்கித்தான் வட இங்கிலாந்துக் காமெடியன்களின் இரண்டு மூன்று தலைமுறை பிழைத்தது. 1971-இல் கிரனாடா தொலைக்காட்சி ‘தி காமெடியன்ஸ்’ தொடங்கியபோது ஆட்களை இந்தக் கிளப்புகளிலிருந்துதான் பொறுக்கியெடுத்தது. நம்மூர் ‘கலக்கப் போவது யாரு?’வின் கதை அங்கே முப்பது வருஷம் முன்னாலேயே நடந்து முடிந்திருக்கிறது. சுரங்கங்கள் மூடப்பட, கிளப்புகள் மெலிந்தன. லண்டனில் 1979-இல் தொடங்கிய காமெடி ஸ்டோர் போன்ற டிக்கெட் மேடைகள் அந்த இடத்தைப் பிடித்தன. அவை பெருநகரத்தின் மேடைகள்.

அந்தச் சுரங்க ஊர்க் கிளப்புகளில் கறுப்பரையும் ஆசியரையும் மாமியாரையும் மட்டம் தட்டிய ஜோக்குகள்தான் அதிகம் ஓடின என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அது உண்மை. நம் பபூன் மேடையிலும் இரட்டை அர்த்தமும் பெண்ணின் நிறத்தைக் கேலி செய்வதும் உண்டு. பொதுப்பணம் கெட்ட ஜோக்கை நல்ல ஜோக்காக்கிவிடாது. ஆனால் டிக்கெட்டும் ஆக்கவில்லை. 300 ரூபாய் வாங்கிக்கொண்டு உருவக்கேலி செய்கிற ஷோக்கள் இல்லையா என்ன? ஒன்றை மட்டும் கவனிக்கலாம். குடும்பத்தோடு வருகிற பொதுமேடையான பட்டிமன்றத்தில் அணிக்கு அணி பெண்கள் உட்கார்ந்து ஆண்களை வாரு வாரென்று வாருகிறார்கள். டிக்கெட் மேடையில் பெண் காமெடியன்களை இன்னும் விரல்விட்டுத்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் சுதந்திரம் பற்றியது. பணம் கொடுக்கிறவனை எப்படிக் கிண்டல் செய்வது? விழாக் கமிட்டித் தலைவரோ நிறுவனத்தின் அதிகாரியோ முன்வரிசையில் இருக்கும்போது வாய் வருமா? டிக்கெட் வாங்கியவன் மட்டுமே எஜமானன் என்றால் கலைஞன் சுதந்திரமானவன் அல்லவா? கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பு அப்படி இல்லை. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் காமெடியன் முனவ்வர் ஃபரூக்கி கைதானது டிக்கெட் போட்ட நிகழ்ச்சியில்தான். ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 2025 மார்ச்சில் குணால் கம்ராவின் வீடியோவுக்காக மும்பையில் அடித்து நொறுக்கப்பட்ட அரங்கமும் டிக்கெட் அரங்கம்தான். அந்த வீடியோவுக்காகப் போடப்பட்ட வழக்கில் கம்ராவுக்கு இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது சென்னை உயர் நீதிமன்றம். அவர் விழுப்புரம் மாவட்டத்தில் வசிக்கிறார் என்பது அடிப்படை, பிணைப்பத்திரம் கொடுக்கச் சொன்னது வானூர் நீதிமன்றத்தில். நாட்டையே உலுக்கிய ஒரு ஜோக் நம் பக்கத்து மாவட்டத்து மாஜிஸ்திரேட் வாசலுக்கு வந்து நின்றது. காமெடியனைக் காப்பாற்றியது டிக்கெட் அல்ல, கோர்ட். 1954-இல் ராதாவைக் குறிவைத்து வந்ததாகச் சொல்லப்படும் தமிழ்நாட்டு நாடகச் சட்டம் 2013 வரைக்கும் உயிரோடு இருந்து, பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில்தான் செத்தது. மாறாக, கோயில் காசில் கூத்தாடிய கட்டியக்காரன் ராஜாவையும் ஊர்ப் பெரியவரையும் ஒரே இரவில் வாரிவிட்டுத் தாம்பூலப் பாக்கியையும் வாங்கிக்கொண்டு போனான். கிண்டல் செய்ய அவனுக்கு உரிமை உண்டு என்பது ஊரின் ஒப்பந்தமாக இருந்தது.

ஆனால் ‘ஊர்’ என்றால் யார் என்ற கேள்விக்கு என்னால் இப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. தலைக்கட்டு வரி எல்லோரிடமும் வாங்கப்பட்டதில்லை. வரி வாங்க மறுப்பதே விலக்கி வைப்பதன் அடையாளமாக இருந்த ஊர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் உள்ளே போகும் பிரச்சினையில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டதை நாம் பார்த்தோம். கூத்துக் களரியில் ஒரே பாய் என்று மேலே எழுதினேன். பல ஊர்களில் அந்தப் பாய்க்கு ஒரு ஓரம் இருந்தது, அந்த ஓரத்துக்கு அப்பால் சிலர் நின்றார்கள். இந்த இடத்தில் டிக்கெட் மேடை யோக்கியமானது. 300 ரூபாய்க்குச் சாதி கேட்கத் தெரியாது. அதனால் பழைய திருவிழாப் பணத்தை அப்படியே தூக்கி வைத்துக் கும்பிட நான் தயாரில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கணக்கை மட்டும்: முன்கூட்டியே பொதுவில் சேர்ந்த பணம், வாசலில் வசூல் இல்லாத மேடை. அந்தப் பணம் சாதியின் பணமாக இல்லாமல் எல்லோருடைய பணமாகவும் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட மேடைகள் இல்லாமலும் இல்லை. என்.எல்.சி. நிறுவனம் நெய்வேலியில் இருபது தடவைக்கு மேல் புத்தகக் கண்காட்சி நடத்தியிருக்கிறது. மாலையானால் அங்கே ஒரு மேடை உண்டு. 2022-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடத்துகிறது. பத்து நாள், பன்னிரண்டு நாள், தினமும் சாயங்காலம் இரண்டு பேச்சாளர்கள், எதிரே பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை. யாரும் டிக்கெட் வாங்கி உட்காருவதில்லை. அந்த மேடையில் பேசுகிறவர்களில் பாதிப்பேர் சிரிக்க வைத்துத்தான் கூட்டத்தைப் பிடித்து வைக்கிறார்கள். பட்டிமன்றத்துக்கு அங்கே இடம் நிச்சயம். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிற இருபத்தைந்து வயதுக்காரருக்கு இடம் இல்லை. அரசாங்கத்தின் ஏடுகளிலும் அவர் கிடையாது. 1.5 லட்சம் ரூபாய் வரையிலான ஊதியத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பது நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடகக் கலைஞர்களுக்கு. 2007-இல் தொடங்கிய நல வாரியம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு. கட்டியக்காரனின் பேரன் கட்டியக்காரன் வேஷத்தில் வந்தால் கலைஞன், டி-ஷர்ட்டில் வந்தால் யாரோ.

ஓ.டி.டி. இருக்கும்போது ஊர் எதற்கு என்பவர்களுக்கு ஒரே பதில்தான். ஓ.டி.டி. ஆண்டுக்கு எத்தனை தமிழ் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி வாங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். மிச்சம் இருப்பவர்கள் எங்கே போவார்கள்? கேமராவுக்கு முன் நிற்கும் தைரியமே நூறு ஊரில் பேசித் தேய்ந்தால்தான் வரும். ஆங்கிலக் கலப்பு எடுபடாது என்ற பயமும் வீண். ‘பிளாக்’ எண் சொல்லி வீட்டு விலாசம் கொடுக்கும் நெய்வேலிக்கும், ‘லோடு’ ‘ரேட்டு’ என்று பலாப்பழம் விற்கும் பண்ருட்டிக்கும் ஆங்கிலம் புதிதல்ல. அவர்களுக்கு அந்நியமாக இருக்கப்போவது அபார்ட்மென்ட் அசோசியேஷனும் ஐ.டி. கம்பெனி அப்ரைசலும். வருகிறவர் அதை விட்டுவிட்டு, வழியில் பஸ்ஸில் பார்த்ததைப் பேசட்டும்.

எனவே இது புத்தகத் திருவிழா நடத்துகிறவர்களுக்கும், நெய்வேலி நகரியத்தில் கலைநிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலை மேடையில் முக்கியப் பேச்சாளர் வருவதற்கு முன்னால் நாற்பது நிமிஷம் ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடியனுக்குக் கொடுங்கள். பட்டிமன்றத்தில் மூன்றாவதாகப் பேசுகிறவருக்கு என்ன தருகிறீர்களோ அதைக் கொடுங்கள், பஸ் செலவைத் தனியாகக் கொடுங்கள். என்ன பேசப்போகிறாய் என்று எழுதி வாங்காதீர்கள். மைக்கும் முப்பது நாற்காலி வரிசையும் ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கின்றன. கூட்டமும் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது.